கண் திறக்காத பிள்ளை

நான் ஒன்பது வயதில் ஒருமுறை செத்திருக்கிறேன். நன்றாகச் செத்தேன் என்று ஊரே சொன்னது. அதற்குப் பிறகு எத்தனையோ காரியங்களை உயிரோடு செய்து பார்த்துவிட்டேன். அப்படியொரு பாராட்டு இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

போர் முடிந்து சில வருடங்கள் கழிந்த தேர்தல் காலம் அது. கரம்பொனில் எங்கள் மதிலில் காலையில் ஒருவர் சிரித்துக்கொண்டிருப்பார். மாலையில் அவர் முகத்துக்கு மேல் பசை காயாமல் இன்னொருவர் சிரிப்பார். ஒருவர் வந்து, செத்தவர்களை மறந்துவிடாதீர்கள் என்று சொல்லி வாக்குக் கேட்டார். மற்றவர் வந்து, அவர்கள் செத்ததற்கு முதலில் வந்தவரின் ஆட்கள்தான் காரணம் என்று சொல்லி வாக்குக் கேட்டார். செத்தவர்கள் எங்கள் வீடுகளைச் சேர்ந்தவர்கள். இரண்டு பேருக்கும் நாங்கள் கதிரை போட்டுத் தேத்தண்ணீர் கொடுத்தோம்.

முதலில் வந்தவரின் கூட்டம் வாசிகசாலை முற்றத்தில் நடந்தது. அப்பா கடற்தொழில் செய்பவர். எங்கள் இறங்குதுறை உடைந்து கிடந்ததால் படகை ஒவ்வொரு நாளும் கல்லில் இடித்து இடித்துக் கட்டவேண்டியிருந்தது. எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத அப்பா அன்றைக்கு எழும்பி, "ஐயா, அந்த இறங்குதுறையை ஒருக்கால் பாத்துச் செய்து தருவியளே?" என்று கேட்டார். வேட்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை உயிர்களைப் பறிகொடுத்த மண்ணில் நின்றுகொண்டு ஓர் இறங்குதுறையைப் பற்றிக் கேட்கிறீர்களே!" என்றார். சனம் கைதட்டியது. அந்த உயிர்களை எடுத்தவரே தான்தான் என்பதுபோல அப்பா தலையைக் குனிந்துகொண்டு இருந்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில், "நான் கேட்டது பிழையோ?" என்று அம்மாவிடம் கேட்டார். 

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, இந்த இடத்தில்தான் கதைக்குள் வருகிறார். அவரும் கடலுக்குப் போகிறவர்தான். ஆனால் தன்னைக் கலைஞர் என்றே நினைத்திருந்தார். பெரிய வெள்ளிக்குக் கோயில் வளவில் நாங்கள் போடும் பாஸ்கு, அதாவது யேசுநாதரின் பாடுகளைக் காட்டும் நாடகம், மாமா இல்லாமல் நடக்காது. ரோஸ் சர்பத்தில் கோதுமை மாவைக் குழைத்து, கொஞ்சம் கரியும் சேர்த்து அவர் ஆக்கும் ரத்தத்தைப் பார்த்துக் கிழவிகள் மயங்கி விழுந்திருக்கிறார்கள். அதைப் பார்த்திருந்த அந்த வேட்பாளரின் ஆட்கள் மாமாவைத் தேடி வந்தார்கள். கரம்பொனிலிருந்து சாட்டிக் கடற்கரைக் கூட்டம் வரைக்கும் ஓர் ஊர்வலம் போகும். அதில் ஒரு ட்ரக்டர் பெட்டியில் செத்துப்போன பிள்ளைகளைக் காட்சியாக வைக்கவேண்டும். போர்க்காலத்தைச் சனம் கண்ணால் காணவேண்டுமாம்.

"இதைச் செய்து குடுத்தால் இறங்குதுறைக் கதையை நான் அவரோடை தனியக் கதைப்பன்" என்றார் மாமா. அந்த எண்ணம் அவருக்கு உண்மையாகவே இருந்தது. ஆனால் சும்மா கேட்டிருந்தாலும் செய்திருப்பார்.

அம்மா குசினியில் நின்று சத்தம் போட்டார். "உனக்கென்ன விசரே? அக்காவின்ரை கண்ணிலை பட்டால் என்ன நடக்கும் எண்டு யோசிச்சனியே?"

"அக்கா அண்டைக்கு யாழ்ப்பாணம் கிளினிக்குக்குப் போயிடுவா. பின்னேரம்தானே வருவா."

அக்கா என்று அவர்கள் சொன்னது என் பெரியம்மாவை. வன்னிக்குக் கலியாணம் செய்து போனவர். கடைசிச் சண்டையில் புருஷனையும் ஒரே மகளையும் இழந்து, ஒரு உடுப்புப் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மகளுக்கும் அப்போது ஒன்பது வயது. ஷெல் விழுந்து வீதியோரத்தில் செத்தாள். சனம் ஓடிக்கொண்டிருந்தது, பெரியம்மாவையும் யாரோ இழுத்துக்கொண்டு ஓடினார்கள். பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று. இவ்வளவும் நான் பெரியவளான பிறகு அம்மா சொல்லி அறிந்தது. அந்த நாளில் எனக்குத் தெரிந்ததெல்லாம், பெரியம்மாவுக்கு முன்னால் 'அந்தக் கதை' கதைக்கக்கூடாது என்பது மட்டும்தான். எந்தக் கதை என்று யாரும் சொல்லவில்லை. ஆகையால் எல்லாக் கதையையுமே நான் கொஞ்சம் பயந்து பயந்துதான் கதைத்தேன்.

அப்பா தடுக்கவில்லை. அவருடைய படகு இடிபட்டுக்கொண்டிருந்தது. கடைசியில், பெரியம்மாவுக்குத் தெரியவே கூடாது என்ற பேச்சில் அம்மா இறங்கி வந்தார்.

மாமா பிள்ளைகளைக் கோயில் வளவுக்குக் கூட்டிப்போய்ச் சாகப் பழக்கினார். மூச்சை வயிற்றுக்குள்ளேயே சின்னதாக விடவேண்டும். இமை துடிக்கக்கூடாது. "சிலுவையிலை இருந்து இறக்கின பிறகு மாதா மடியிலை வைச்சு அழுவா. அப்ப யேசுநாதர் கண்ணைத் திறந்தால் பாஸ்கு என்னத்துக்கு?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, முடிஞ்சுது, எழும்புங்கோ" என்றார். நாங்கள் எழும்பினோம். "பாத்தியளே, ஏமாந்திட்டியள்! ஆர் கூப்பிட்டாலும் எழும்பக்கூடாது. நானே வந்து கூப்பிட்டாலும் எழும்பக்கூடாது." மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அழுகை வந்தது. இனி ஒருக்காலும் ஏமாறுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன்.

ஊர்வலத்தன்று பெட்டியில் கருகிய பனையோலைகளைப் பரப்பி, ஒரு புத்தகப் பையைக் கிழித்துப் போட்டு, எங்களைப் படுக்க வைத்தார்கள். நல்லாய்ச் செத்தவள் என்பதால் எனக்கு முன்னிடம். வேட்பாளர் வந்து சுற்றிப் பார்த்தார். "இந்தப் பிள்ளைக்கு ரத்தம் போதாது. இன்னும் கொஞ்சம் பூசுங்கோ" என்றார். மாமா என் நெற்றியிலிருந்து கழுத்து வரைக்கும் வடியவிட்டார். வெயில் ஏற ஏறச் சர்பத்தின் இனிப்புக்கு இலையான்கள் வந்து மொய்த்தன. உதட்டிலும் மூக்கடியிலும் ஊர்ந்தன. நான் அசையவில்லை. முன்னால் நின்ற ஜீப்பில் இருந்த ஒருவர், "இலையானையும் சேத்து வீடியோ எடு" என்று சொன்னது கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சுருவிலைச் சுற்றிக்கொண்டு வேலணைச் சந்திக்கு வந்தபோது ஊர்வலம் நின்றது. எதிரே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பஸ் எங்களால் போக முடியாமல் நின்றிருக்கிறது. அன்று கிளினிக்கில் அவ்வளவு சனமில்லையாம்; பெரியம்மா வேளைக்கே பஸ் ஏறிவிட்டார். யன்னலால் பார்த்திருக்கிறார்.

எனக்கு முதலில் கேட்டது பெட்டி ஆடிய சத்தம். யாரோ ஏறினார்கள். பிறகு ஒரு சேலைத் தலைப்பு என் முகத்தை அழுத்தித் துடைத்தது. மணத்திலேயே ஆளைக் கண்டுகொண்டேன். பெரியம்மா பூசும் சித்தாலேபைத் தைலத்தின் மணம்.

"குஞ்சு, கண்ணைத் திற. அம்மா வந்திட்டன். கண்ணைத் திறவணை."

என் அம்மா இவரில்லையே என்று யோசித்தேன். உடனே விளங்கிவிட்டது: இது வசனம். மாமா யாருக்கும் சொல்லாமல் பெரியம்மாவை மாதாவாகப் போட்டிருக்கிறார்! அதற்குத்தான் வீட்டில் அவ்வளவு ரகசியம். ஒவ்வொரு வருடமும் பாஸ்குவில் மாதாவாக வரும் பெண் எப்போதும் ஒரே இழுவையில் அழுவார். பெரியம்மாவின் குரலோ நடுநடுவே உடைந்தது; மூச்சு எடுக்க முடியாமல் விக்கியது. எங்கள் வீட்டில் இப்படி ஒரு நடிகை இருந்தது எங்களுக்கே தெரியாமல் போயிற்றே என்று நினைத்தேன்.

அவர் என் நெஞ்சில் காதை வைத்தார். நான் மூச்சை முழுதாகவே பிடித்துக்கொண்டேன்.

பெரியம்மா கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. பிறகு ஒரு மூலையில் கைதட்டல் தொடங்கிச் சந்தி முழுவதும் பரவியது. ஒலிபெருக்கியில் வேட்பாளரின் குரல் எழுந்தது. "பாருங்கள் இந்தத் தாயை! இந்தக் கண்ணீருக்கு நீங்கள் என்ன பதில் சொல்லப் போகிறீர்கள்? உங்கள் கையில் இருக்கும் அந்த வாக்குத்தான் பதில்!"

அதற்கிடையில் மாமா ஓடி வந்துவிட்டார். "எழும்படி! பிள்ளை, எழும்பு! அக்கா, இது எங்கடை சின்னவள். இது வேஷம் அக்கா!" அவரும் அழுதார். நான் உள்ளுக்குள் சிரித்தேன். இந்த முறை ஏமாறுவேனா?

பெரியம்மா என்னை அள்ளித் தூக்கினார். ஒன்பது வயதுப் பிள்ளையைத் தூக்குகிற உடம்பு அவருக்கு இல்லை. சீனி வருத்தம் அவரைத் தின்றிருந்தது. ஆனாலும் தூக்கிக்கொண்டு பெட்டியிலிருந்து இறங்கினார். பிடிக்க வந்த மாமாவை உதறினார். சிலுவையிலிருந்து இறக்கினால் பிறகு கல்லறைக்குத்தானே கொண்டுபோவார்கள் என்று நான் தலையையும் கைகளையும் தொங்கவிட்டேன். எத்தனை தூரம் நடந்தார் என்று தெரியாது. அவர் கால் தடுமாறியபோதெல்லாம் என்னை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

இதையும் படம் பிடித்திருந்தார்கள். சோக இசை சேர்த்து, கீழே வேட்பாளரின் விருப்பு இலக்கத்தையும் போட்டு, தேர்தல் முடியும்வரை ஊரெல்லாம் போனுக்குப் போன் அனுப்பினார்கள். அவர் வென்றார். அடுத்தடுத்த தேர்தல்களிலும் அது வந்தது. போன முறை நான் முதன்முதலாக வாக்குப் போடப் போனபோது, வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெடியன் அதைப் பார்த்துக் கண் கலங்கிக்கொண்டிருந்தான். அந்தப் பிள்ளை அவனுக்குப் பின்னால்தான் நிற்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? மாமா அதற்குப் பிறகு பாஸ்குவுக்கு ரத்தம் ஆக்குவதை விட்டுவிட்டார். இறங்குதுறை இன்னும் உடைந்துதான் கிடக்கிறது.

ஊர்வலம் சாட்டிப் பக்கம் நகர்ந்து, ஒலிபெருக்கியும் தூரமாய்ப் போய்விட்டது. பெரியம்மா என்னை வீதியோரத்தில் ஒரு மதிலடியில் கிடத்தி, தன் மடியில் என் தலையை வைத்துக்கொண்டார். மாமா கொஞ்சம் தள்ளி, வெயிலுக்குள் குந்திக்கொண்டிருந்தார். கைதட்ட இனி ஒருவரும் இல்லை. ஆகவே காட்சி முடிந்தது என்று தீர்மானித்து நான் கண்ணைத் திறந்தேன்.

பெரியம்மாவின் முகம் எனக்கு நேர் மேலே இருந்தது. சேலையெல்லாம் சிவப்பு. என் கண்ணைப் பார்த்தார். கன்னத்தைத் தொட்டார். என் கைவிரல்களை ஒவ்வொன்றாய்ப் பிடித்துப் பார்த்தார்.

"நோகுதே, குஞ்சு?"

"இல்லைப் பெரியம்மா. இது சர்பத்து. நான் பொய்க்குத்தானே செத்தனான்."

"ஓம்" என்றார். "ஓம், பொய்க்கு."

"நான் நல்லாச் செய்தனானே?"

அவர் தலையாட்டினார். அப்போது பார்த்து அவருக்கு அழுகை மறுபடியும் வந்தது. பெட்டியில் அழுத அழுகை இல்லை இது. சத்தமே இல்லாமல் உடம்பு மட்டும் குலுங்கியது. காட்சி முடிந்தும் இவருக்கு நிற்பாட்டத் தெரியவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. ஆறுதல் சொல்ல நினைத்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"இனி ஏன் பெரியம்மா அழுறியள்?" என்று கேட்டேன். "நான்தானே எழும்பீட்டன்."