சட்டைக் கையில் சாக்குத் துணி

பள்ளியில் சேரப் பிறப்புப் பத்திரம் வேண்டும், அம்மை குத்திய சான்று வேண்டும், தகப்பனார் கையொப்பம் வேண்டும். பிள்ளை ஊமையாக இருக்க வேண்டும் என்று எந்தப் படிவத்திலும் இல்லை. அரசாங்க மேசைக்குப் பின்னால் முப்பத்தைந்து ஆண்டு உட்கார்ந்தவள் சொல்கிறேன். ஐம்பதுகளில் என் அப்பாவுக்கு இது தெரிந்திருக்கவில்லை.

"உள்ள போனா வாயத் தொறக்காத. கிராணிக்குக் கோவம் வந்தா எடம் கெடைக்காது" என்று சிராங்கூன் சாலை நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். முந்தைய ஆண்டு இடமில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். இந்த முறையும் இல்லையென்றால் நான் வீட்டோடுதான்.

ஊரில் தாத்தா இறந்து, காரியத்துக்காக அப்பா இங்கேயே மொட்டையடித்திருந்தார். அதை மறைக்க, அலுவலகத்துக்குள்ளும் தொப்பியைக் கழற்றவில்லை.

கிராணி, அதாவது பள்ளி எழுத்தர், ஒரு சீனப் பெண். அவர் சட்டைக் கையில் தபால்தலை அளவுக்குச் சாக்குத் துணி குத்தியிருந்தது. எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் பேசும் மலாயில் கேட்டுவிட்டேன்: "அக்கா, சட்டை கிழிஞ்சிருச்சா? ஏன் சாக்கு வச்சிருக்கீங்க?"

அப்பா என் கையில் கிள்ளினார். வரிசையில் பின்னால் நின்ற, கழுத்துப்பட்டை கட்டிய தமிழர் உச்சுக்கொட்டினார். "என்னாங்க, பொம்பளப்புள்ளய இப்படியா வளக்குறது? சீனவங்க முன்னாடி நம்ம மானம் போவுதுலா."

"மன்னிப்புக் கேளு!" என்றார் அப்பா.

புகார் கொடுத்தவர் யாருமில்லை, விசாரணையும் இல்லை. தண்டனை மட்டும் உடனே நிறைவேறியது.

கிராணி பேனாவை வைத்தார். "எங்கம்மா செத்துட்டாங்க. நூறு நாள் இதக் குத்திக்கணும்" என்றார் மலாயில், கேட்ட என்னைப் பார்த்து.

"எங்க தாத்தாவும் செத்துட்டாரு! அப்பா மொட்ட அடிச்சிருக்காரு. தொப்பிக்குள்ள இருக்கு."

"அலாமாக்!" சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார் கிராணி. அப்பா மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

"உங்களுக்கு எத்தன நாள்?"

"பதினாறு."

பிறகு இருவரும் தாழ்ந்த குரலில் தாத்தாவைப் பற்றியும் கிராணியின் அம்மாவைப் பற்றியும் பேசினார்கள். கழுத்துப்பட்டைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். கிராணி என் படிவத்தில் முத்திரை குத்தினார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்பா சொன்னது: "எடம் கெடச்சிருச்சு. நான் பதமா பேசினேன். ஒம்மவ கெடுக்கப் பாத்தா."

பள்ளி திறந்த அன்று, "யார்கிட்டயும் ஒண்ணும் கேக்காத" என்று சொல்லி வாசலில் விட்டுப் போனார். இடம் பறிபோய்விடும் என்று பயந்து அப்படியே இருந்தேன். ஆண்டிறுதி அறிக்கையில் ஆசிரியை 'அமைதியான பிள்ளை' என்று எழுதினார். அப்பா அதை அக்கம்பக்கமெல்லாம் வாசித்துக் காட்டினார், ஏதோ பரிசு வாங்கிவிட்டதைப் போல!

என் பக்கத்து இருக்கைச் சீனப் பெண் கையில் பச்சைக் கல் வளையல் ஒன்று கிடந்தது. உள்ளங்கையைவிடச் சிறியது, கழற்றவே முடியாது. எப்படிப் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்று ஓர் ஆண்டு முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாளும் கேட்கவில்லை.