அடைபட்ட ஓட்டையும் பழைய நம்பரும்

எனக்குப் பொறுமை குறைவு. கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலைக்கு அது ஒரு தகுதி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். யாரையும் நம்பாதே, எதையும் திறந்து வைக்காதே, சொன்ன உடனே செய். ஆபீஸில் நான் வருவதைப் பார்த்தாலே பாதிப் பேர் போனைக் காதில் வைத்துக்கொள்வார்கள்.

துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலை. இருப்பது ஷார்ஜா முவைலாவில், நாலு பேர் ரூம். அந்தச் சமயம் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது பூட்லோடர். கம்ப்யூட்டரில் பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் கண் விழிப்பது விண்டோஸ் இல்லை, இந்தச் சின்ன புரோகிராம்தான். இது சரிபார்த்த பிறகுதான் விண்டோஸ் எழுந்திருக்கும். டிஸ்க்கைப் பூட்டி வைத்திருந்தால் அதன் சாவியும் இதன் கை வழியாகத்தான் போக வேண்டும். இதன் பழைய பதிப்பு ஒன்றில் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார்கள். லேப்டாப் கையில் கிடைத்த, விஷயம் தெரிந்த ஒருவன் அந்தப் பழைய பதிப்பை ஓடவிட்டு, பாஸ்வேர்டே இல்லாமல் சாவியை எடுத்துவிடலாம். வேலியே பயிரை மேய்ந்த கதை.

ஓட்டையை அடைக்க அப்டேட் வந்தது. அதைப் போட்டதும் சில மிஷின்கள், வாசலில் புதுக் காவல்காரனைப் பார்த்து மிரண்ட மாதிரி, ரெக்கவரி கீ கேட்டு நின்றுவிடும். ரெக்கவரி கீ என்பது ஒரு நீளமான எண், அவ்வளவுதான். ஆபீஸ் மிஷின்களின் கீ எல்லாம் என்னிடம் இருந்ததால் திட்டு வாங்கியதோடு தப்பித்தேன்.

ரூமில் தப்பிக்க முடியவில்லை. எனக்கு எதிர்க் கட்டில்காரர் புதுக்கோட்டைப் பக்கத்து வெல்டர். ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்தவர், லேப்டாப்பை ஆன் செய்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நீலத் திரை, கீயைக் கொடு என்று கேட்டது. முந்தின நாள் அப்டேட் தானாகவே இறங்கியிருக்கிறது.

“அண்ணே, உள்ள என் புராஜெக்ட் இருக்குண்ணே” என்றார்.

அது என்னவென்று எனக்குத் தெரியும். வெல்டிங் புகையிலும் வெளிச்சத்திலும் அவர் கண் கெட்டுக்கொண்டிருந்தது. இந்த வேலையை விடாவிட்டால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சேஃப்டி ஆபீஸர் கோர்ஸில் சேர்ந்து, சைட்டில் எங்கெங்கே ஆபத்து என்று படம் எடுத்து, எனக்கே பொறாமை வரும்படி ஒரு ரிப்போர்ட் எழுதியிருந்தார். அடுத்த திங்கட்கிழமை அதை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அந்தக் கோர்ஸ் போச்சு, மறுபடி வெல்டிங் மாஸ்க்தான்.

“வேற எங்கயாவது காப்பி வச்சிருக்கீங்களா?”

“இல்லண்ணே. நெட்ல காப்பி ஏறணும்னா, அதுல இருக்கிறது முன்னாடி இந்த ரூம்ல இருந்த அண்ணனோட ஈமெயில். நம்ம போட்டோ எல்லாம் அவருக்குப் போயிடும்னு ஆஃப் பண்ணி வச்சிருந்தேன்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் மேல் மட்டும் இல்லை. கல்ஃபில் எல்லா ரூமிலும் உள்ள வழக்கம் இது. இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்த ஒருவர் ரூமில் இருந்தால் போதும், புதுப் போன், புது லேப்டாப் எது வந்தாலும் அவர்தான் பிரிப்பார், அவர் ஈமெயிலைப் போட்டுத்தான் ஓடவிடுவார். இந்த ரூமில் அப்படி இருந்தவர் பட்டுக்கோட்டைப் பக்கம், ஸ்டோர்கீப்பர். விசா கேன்சல் செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார். அவர் காலி செய்த கட்டிலில்தான் நான் படுத்திருக்கிறேன். லேப்டாப்பின் கீ அவர் ஈமெயிலுக்குள் பத்திரமாக இருந்தது.

நேற்று வரை விவரம் தெரிந்த திருடன் அந்த ஓட்டை வழியாக உள்ளே போயிருக்கலாம். இன்று வீட்டுக்காரன் போக முடியவில்லை. இந்த வேலைக்கு வந்ததிலிருந்து ஓட்டை அடைபட்டதற்கு நான் வருத்தப்பட்டது அன்றுதான்.

ஊரில் இருந்தவரைப் பிடிப்பது கஷ்டமாக இல்லை. விஷயத்தைக் கேட்டதும் பதறிவிட்டார். ஆனால் பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தது. மாற்றலாம் என்றால் ஓடிபி வரும், அது அவருடைய பழைய துபாய் நம்பருக்குத்தான் வரும். விசாவோடு சிம்மையும் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். நம்பர் இப்போது யார் கையிலோ.

அந்த நம்பருக்கு நானே போன் செய்தேன். எடுத்தவர் ஒரு பட்டாணியர், பாகிஸ்தான்காரர். பின்னால் லாரி இன்ஜின் சத்தம். எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கி, ஒரு ஓடிபி வரும், அதை மட்டும் படித்துச் சொல்லுங்கள் பாய் என்றேன். நல்ல வசவு ஒன்று வந்தது, போன் கட்.

வெல்டர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. ஓடிபியை யாருக்கும் சொல்லாதே என்று ஆபீஸில் நான் தொண்டை வறளக் கத்துகிறேன். கேட்டு நடந்தவர் இவர் ஒருவர்தான்.

மறுபடி கூப்பிட்டு, ஓடிபி வேண்டாம், நேரில் வருகிறோம், ஆளைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்து, “ஆவோ” என்று வரச் சொன்னார். அபுதாபி முசஃபாவில் ஒரு லாரி கராஜ், அங்கே மெக்கானிக்காம்.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை மடியில் வைத்தபடி வெல்டர் என் காரில் வந்தார். வழியெல்லாம் ஒரு கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. அழுகை இல்லை, அந்தக் கண் இப்போதெல்லாம் அப்படித்தான்.

மெக்கானிக் எங்களை விட வயதானவர். டீ வரவழைத்தார். வெல்டரின் கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆனால் அதற்கெல்லாம் மசியவில்லை.

“இந்த நம்பர் தன்னோடதுன்னு சொல்றவன் எங்க? அவனைக் காட்டு.”

ஊருக்கு வீடியோ கால் போட்டேன். ஸ்டோர்கீப்பர் திரையில் வந்து சலாம் சொன்னார். பாஸ்போர்ட்டைக் காட்டட்டுமா, பழைய விசா காப்பி இருக்கிறது என்று அவசரப்பட்டார். மெக்கானிக் கையை உயர்த்தினார்.

“காகிதம் வேண்டாம். என் கேள்விக்குப் பதில் சொல்லு. இந்த சிம் வந்ததிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மா தொழுகை முடிஞ்சு மதியம் ஒரு பெரியவர் போன் பண்றார். இந்தியா நம்பர். உங்க பாஷை. ராங் நம்பர்னு சொன்னா கேக்க மாட்டார். அவர் யார்?”

திரையில் இருந்தவர் என்னிடம் தமிழில் சொன்னார்.

“அது எங்க அப்பாங்க. அவர் போன்ல பேலன்ஸ் எப்படித் தீருதுன்னே தெரியாம இருந்துச்சு. அவருக்கு ஞாபகம் தப்பிப் போச்சுங்க. நான் ஊருக்கு வந்ததே அவரைப் பாத்துக்கத்தான். ஆனா நான் இன்னும் துபாய்ல இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. என்னை யாரோ வேலைக்கு வந்த ஆளுன்னு நெனைக்கிறாரு.”

நான் மெக்கானிக்குக்கு இந்தியில் சொன்னேன்.

ஸ்டோர்கீப்பர் எழுந்து போய் அப்பாவை அழைத்துவந்தார். வெள்ளை பனியன், நரைத்த தாடி. போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, பேசுங்க என்றார். பெரியவர் எங்களைப் பார்த்து, “யாருப்பா, சாப்டீங்களா?” என்றார்.

மெக்கானிக் கண்ணை மூடிக் கேட்டார். “இதே குரல்தான்” என்றார். தன் போனை எடுத்து மேஜை மேல் வைத்து, “அனுப்பச் சொல்லு” என்றார்.

ஓடிபி வந்தது. அதை எங்களிடம் சொல்லாமல், திரையில் இருந்தவரிடம் அவரே ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். ஈமெயில் திறந்தது. அதிலிருந்த கீயை ஸ்டோர்கீப்பர் வாசிக்க வாசிக்க, வெல்டர் லேப்டாப்பில் அடித்தார். ஒரு தடவை தப்பானது. என்னைத் தொடவிடவில்லை, திரும்ப அடித்தார். விண்டோஸ் வந்தது. ரிப்போர்ட்டைத் திறந்து, கடைசிப் பக்கம் வரை இறக்கிப் பார்த்து, என் போன் நெட்டில் அங்கேயே அனுப்பினார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இந்தத் தடவை இரண்டு கண்ணையும்.

வேலை முடிந்ததும் என் புத்தி பழையபடி வந்துவிட்டது. ஸ்டோர்கீப்பரிடம், முதலில் ஈமெயிலிலிருந்து இந்த நம்பரை எடுங்கள் என்றேன். எடுத்தார். ரூமில் மற்றவர்கள் லேப்டாப்பையும் அவரவர் ஈமெயிலுக்கு மாற்றுகிறேன் என்றேன். சரி என்றார். அப்படியே அப்பா போனிலும் இந்த நம்பரை அழித்துவிடுங்கள், முன்பின் தெரியாதவருக்கு வாராவாரம் போன் போவது நல்லதில்லை என்றேன். அதையும் இந்தியில் சொல்லித் தொலைத்தேன், மெக்கானிக்குக்கும் தொல்லை தீருமே என்று.

“ரஹ்னே தோ, பாய்” என்றார் மெக்கானிக். “அது இருக்கட்டும். ஜும்மா முடிஞ்சு வந்து நான் சும்மாதான் இருக்கேன். அவர் பேசுவார். நான் ஹாங் ஜி, ஹாங் ஜின்னு ஆமாம் போடுவேன். வச்சிடுவார்.”

திரையில் இருந்தவர் சரி என்று தலையை ஆட்டினார். நான் கார் சாவியை எடுத்தேன்.

வெல்டர் பாஸாகிவிட்டார். இப்போது சைட்டில் மற்றவர்களுக்குக் கண்ணாடி போடச் சொல்லிக் கத்துவது அவர் வேலை. என்னைவிட நன்றாகவே கத்துகிறார்.

போன வெள்ளிக்கிழமை மதியம் ஸ்டோர்கீப்பர் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். “அப்பா இப்பதான் போன் பேசி முடிச்சாரு. நேரா எங்கிட்ட வந்தாரு. ‘எம் மகன்கிட்ட பேசிட்டேன்பா, நல்லாருக்கானாம்’னு சொல்லிட்டுப் போயிப் படுத்துட்டாரு.”