உறைக்குள் விழித்திருந்த கார்

நான் அன்றைக்கே சொன்னேன், மதினியின் பழைய காருக்குள் ஏதோ ஒன்று தூங்காமல் கிடக்கிறது என்று. யார் கேட்டீர்கள்?

அண்ணன் காலமானதிலிருந்து கார் ஆண்டாப் ஹில் சந்தில் உறை போட்டு நிற்கிறது. புது பேட்டரியும் ஓட்டாமல் விட்டால் செத்துவிடுகிறது. நாளை உல்லாஸ்நகரிலிருந்து வாங்க ஆள் வருகிறார். மதினியோ, "அவுகளுக்கு இஷ்டமில்ல தம்பி. சாயங்காலமானா உறைக்குள்ள செவப்பா பீடி நெருப்பு தெரியுது" என்கிறார்.

இன்று கரண்ட் அளக்கும் மீட்டரோடு போனேன். இந்தப் பம்பாயில் வண்டியின் கரண்ட் கோளாறைக் கண்டுபிடிக்க என்னை விட்டால் ஆள் கிடையாது.

பக்கத்து வண்டியிலிருந்து கரண்ட் கொடுத்து ஸ்டார்ட் செய்தேன். சார்ஜ் ஒழுங்காக ஏறியது. எஞ்சினை அணைத்து ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அத்தனையும் பிடுங்கிய பிறகும் கரண்ட் போய்க்கொண்டே இருந்தது. சாவி என் பையில்.

கடைசியில் டாஷ்போர்டு முருகனுக்குப் பின்னால், காய்ந்த மாலைக்குள், ஒரு சிவப்பு பல்பு! சாமி விளக்கு அணையக்கூடாது என்று அண்ணன் பேட்டரியிலிருந்தே நேராக வயர் இழுத்திருக்கிறார். அவர் தினமும் ஓட்டிய வரைக்கும் சார்ஜ் ஏறிக்கொண்டே இருந்ததால் இது தெரியவில்லை.

வயரைக் கழற்றினேன். "குப்புனு பீடி வாசன அடிச்சு அடங்கிட்டு மதினி. அண்ணன் எறங்கிட்டாவ. வண்டியக் குடுத்துரலாம்."

மதினி கதவைத் திறந்து முகர்ந்தார். "எங்க எறங்குனாவ? பின் சீட்டுல இன்னும் வருதே!"

இப்போது வண்டி விற்பனைக்கு இல்லையாம்.

பீடி வாசனை நான் அவிழ்த்துவிட்ட கதை, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் மதினிக்கு வந்தது என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என் மீட்டர் பின் சீட்டில்தான் கிடக்கிறது. எடுக்கப் போவதாக இல்லை.