உயிரோடு இருக்கிற ரீச்சருக்குக் காசு கேட்ட கதை

பிறருடைய கனவுக்குக் காசு கேட்டு எழுதிக்கொடுப்பது, பிறருடைய காதலுக்குக் கடிதம் எழுதிக்கொடுப்பதைப் போன்ற தொழில். சரிவந்தால் நம்மை ஒருவரும் நினைப்பதில்லை, சரிவராவிட்டால் எழுதினவனில்தான் பிழை.

நாளிதழில் இருந்து ஓய்வுபெற்ற பிறகு இதற்குள் விழுந்தேன். குறும்படம், சிறுவர் நாடகம், கவிதைத் தொகுப்பு, நடமாடும் வாசிகசாலை என்று கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ எவருக்கு ஒரு யோசனை வந்தாலும், இணையத்தில் ஒரு பக்கம் திறந்து உலகத்திடம் காசு கேட்பது இப்போது வழக்கம். அந்தப் பக்கத்துக்கு வேண்டுகோள் எழுதிக்கொடுப்பவன் நான். இதை வாசிக்கும் உங்களில் பாதிப் பேர் அப்படிக் கேட்டு அலைந்திருப்பீர்கள். மற்றப் பாதி, அந்த இணைப்பு வட்ஸ்அப்பில் வந்ததும் காணாதது போல இருந்திருப்பீர்கள். நான் இரண்டும் செய்தவன். ஆகவே நமக்குள் ஒளிக்க ஒன்றுமில்லை.

எழுதிக்கொடுத்த எல்லாவற்றையும் பற்றிச் சொல்லப்போவதில்லை. ரஞ்சினி ரீச்சருடையதை மட்டும் சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். மலையகத்தில் ஆய்வுகூடம் இல்லாத தோட்டப் பாடசாலைகளைப் பார்த்துவிட்டு வந்ததில் இருந்து அவருக்கு நித்திரை இல்லை. அங்கே பிள்ளைகள் பரிசோதனைகளைப் பாடமாக்கி எழுதுகிறார்கள். ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை. ஓ.எல். பரீட்சைக்கு உரிய பரிசோதனைகள் அத்தனையையும் தமிழில் சிறு படங்களாக எடுத்து அந்தப் பாடசாலைகளுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது அவர் திட்டம். கணவர் காலமாகிவிட்டார். மெல்பேணில் இருக்கும் தங்கை, தன்னோடு வந்து இருக்கச் சொல்லி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அக்காவும் தங்கையும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: காசு சேர்ந்தால் ரீச்சர் இங்கேயே நின்று படம் எடுப்பார், சேராவிட்டால் விமானம் ஏறுவார்.

எந்த ஊர்?

இலங்கையில் இருந்து அந்தப் பக்கத்தைத் திறப்பது கரைச்சல் என்பதால், லண்டனில் கணக்காளராக இருக்கும் ரீச்சரின் பழைய மாணவன் வசந்தன் திறந்து தந்தான். விதி எளிமையானது. குறித்த நாளுக்குள் முழுத்தொகையும் சேர வேண்டும். இல்லாவிட்டால் சேர்ந்தது எல்லாம் கொடுத்தவர்களுக்கே திரும்பிப் போய்விடும். பாதிக் கிணறு என்ற பேச்சே இல்லை.

வேண்டுகோளை நான் உயிரைக் கொடுத்து எழுதினேன். கந்தகம் எரியும்போது தோன்றும் நீலச் சுவாலையைக் காணாமலே அதன் நிறத்தைப் பரீட்சையில் எழுதும் ஒரு பிள்ளையில் இருந்து தொடங்கினேன். ரீச்சர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கம் திறந்து ஒரு வாரம் போனது. காசு வரவில்லை, கேள்விதான் வந்தது. வசந்தன் அழைத்தான். "அண்ணை, பரிசோதனையைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை. ரீச்சர் எந்த ஊர், ஊரிலை எந்தக் குறிச்சி, ஆற்றை பிள்ளை எண்டுதான் எல்லாரும் கேக்கினம்."

உயிரோடு இருப்பதில் உள்ள நட்டம்

கேட்டதைக் கொடுப்பதுதானே பத்திரிகைத் தொழில். நீலச் சுவாலையைக் கீழே தள்ளிவிட்டு மேலே ஊரைப் போட்டேன். சுழிபுரத்தைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வசிப்பிடமாகவும் கொண்டவர், இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் அன்புச் சகோதரி. ரீச்சரிடம் இருந்த ஒரே நல்ல படம் கடவுச்சீட்டுக்கு எடுத்தது. வெள்ளைப் பின்னணி, சிரிப்பு இல்லை. வசந்தன் அதைச் சதுரமாக வெட்டி நடுவில் வைத்தான். அன்று மத்தியானத்தில் இருந்து காசு கொட்டத் தொடங்கியது. ரொறொன்ரோ, பாரிஸ், ஒஸ்லோ. நானும் ரீச்சரும் தேநீர் குடித்துக்கொண்டு, ஊர்ப்பற்று என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று கதைத்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை ரீச்சர் வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது, பழக்கமான ஒரு மனிசி அவரைக் கண்டு கூடையைக் கீழே போட்டுவிட்டார். அப்போதுதான் விஷயம் விளங்கியது. பிறப்பிடம், வசிப்பிடம், உறவுமுறை, சிரிக்காத படம். இந்த நான்கையும் ஒன்றாகக் கண்டால் நம் சனம் மரண அறிவித்தல் என்று எடுத்துக்கொள்ளும், அதற்குக் கீழே ஒரு வரியும் வாசிக்காது. ரீச்சர் சுகமாக இருக்கிறார் என்று வசந்தன் பக்கத்தில் பெரிய எழுத்தில் அறிவித்தான். கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக இரத்துச் செய்யத் தொடங்கினார்கள். ரீச்சரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்த, இப்போது கனடாவில் இருக்கும் ஒரு அம்மா வசந்தனைத் தொலைபேசியில் பிடித்துவிட்டார். "ஐயோ, அவ உயிரோடதான் இருக்கிறாவோ? அப்ப என்னத்துக்குத் தம்பி காசு கேட்டனீங்கள்?"

அப்பா எவ்வளவு நேரம் நிற்பார்?

புறக்கோட்டையில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய அப்பா காலமாகி முப்பத்தோராம் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைய அந்தியேட்டிச் சடங்குக்கு வருபவர்களுக்கு, காலமானவரைப் பற்றி அச்சடித்துக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தை இப்போது ஒருவரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை, சாப்பிட்ட மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று குறைப்பட்டார். அந்தக் காசைப் படத்துக்குத் தரலாம். ஒவ்வொரு படத்தின் தொடக்கத்திலும் அப்பா வர வேண்டும் என்றார். நான் ரீச்சரைப் பார்த்தேன். ரீச்சர் ஒரு நொடியும் யோசிக்காமல் தலையாட்டினார். பிள்ளைகளுக்குப் பரிசோதனை தெரிந்தால் போதும், முன்னால் யார் வந்தாலும் அவருக்குக் கவலை இல்லை.

ஆனால் முதலாளிக்கு ஒரு தம்பி சுவிற்சர்லாந்தில் இருந்தார். அப்பாவைத் தனியாகக் காட்டினால் அம்மாவின் கதி என்ன என்று அவர் கேட்டார். அம்மாவையும் சேர்த்தால் குடும்பப் படம் போட வேண்டும். குடும்பப் படத்தில் கோபத்தில் இருக்கும் மருமகன் இருந்தார். இரண்டு வாரம் இழுபட்டு, கடைசியில் வழக்கம் போலக் கல்வெட்டே அச்சாகியது. அதிலும் மருமகன் இல்லை. முதல் நாள் கடையில் முதலாளி கேட்ட கேள்வி மட்டும் எனக்கு மறக்கவில்லை. "படம் என்ன பாடமெண்டாலும் எடுங்கோ ரீச்சர். அப்பா எவ்வளவு நேரம் நிப்பார், அதைச் சொல்லுங்கோ. அசிட்டுக்குப் பக்கத்திலை நிண்டாலும் பரவாயில்லை."

கும்பிடும் கைகள்

ரீச்சரின் பழைய மாணவர்களுக்கு வகுப்புக்கு ஒன்றாக வட்ஸ்அப் குழுக்கள் இருந்தன. இணைப்பைப் போட்ட உடனேயே கும்பிடும் கைகள் வந்து குவிந்தன. ரோஜாப்பூ வந்தது. "நீங்கள் எங்களுக்குத் தெய்வம்" என்று குரல் பதிவு வந்தது. பக்கத்தைப் போய்ப் பார்த்தால், சந்தையடியில் மழைக்கு ஒதுங்கினவர்களைப் போல எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் போடுபவன் கூடப் போட்டால் பெருமைக்காரன், குறையப் போட்டால் கஞ்சன். ஆகவே இரண்டாவதாகப் போடத்தான் எல்லாரும் ஆயத்தமாக இருந்தார்கள்.

கிருலப்பனையில் இருக்கும் ஒரு டொக்டரிடம் நேரில் போனோம். ரீச்சரிடம் படித்துத்தான் மருத்துவபீடம் போனதாகத் தன் மனைவியிடம் எங்கள் முன்னாலேயே சொன்னார். வடையும் தேநீரும் வந்தன. ரீச்சர் திட்டத்தை விளக்கி முடியும் வரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வாசல் வரை வந்து, ரீச்சர் ஓட்டோவில் ஏறிய பிறகு என் தோளில் கை போட்டு மெதுவாகக் கேட்டார். "நான் குடுக்கிறன் அண்ணை, அது பிரச்சினை இல்லை. எங்கடை பட்ச்சிலை ஆர் ஆர் எவ்வளவு போட்டவை எண்டதை மட்டும் ஒருக்காச் சொல்லுங்கோவன்."

ஜிந்துப்பிட்டியில் ஒருவர்

இத்தனை பேருக்குள், படத்துக்காகவே காசு கொடுக்க வந்த ஒருவரை நான் கண்டேன். பெயர் கணேசம்மா. மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம். ஜிந்துப்பிட்டியில் ஓர் அறையில் இருந்துகொண்டு, ரீச்சரின் அடுக்குமாடிக்குத் துப்புரவு வேலைக்கு வருபவர். மின்தூக்கிக்குள் ரீச்சரும் நானும் கதைத்ததைக் கேட்டிருக்கிறார். மறுநாள் முந்தானையில் முடிந்த காசுத் தாள்களோடு வந்து நின்றார். அவரிடம் வங்கி அட்டை இல்லை. எங்கள் பக்கத்துக்கோ அட்டை இல்லாத காசைத் தெரியாது. உலகம் முழுவதற்கும் திறந்து வைத்த கதவு, படியில் நின்றவருக்குத் திறக்கவில்லை. காசை நான் வாங்கி வைத்துக்கொண்டேன், வசந்தன் தன் அட்டையால் அதே தொகையைப் போட்டான். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கணேசம்மா சொல்லிவிட்டார்.

இவ்வளவு தரத் தேவையில்லை என்று ரீச்சர் சொல்லிப் பார்த்தார். கணேசம்மா அதைக் காதில் வாங்கவில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது வேறு. "பொகை வர்றதெல்லாம் படத்துல தெரியுங்களா டீச்சர்? எங்க அக்கா மக பொஸ்தகத்த வச்சிக்கிட்டு, அது எப்பிடிப் போகும் சித்தி, மேலயா, கீழயான்னு கேட்டுக்கிட்டே இருக்கா. எனக்கு என்னங்க தெரியும்?"

திரும்பி வந்த புண்ணியம்

குறித்த நாள் வந்தது. காலையில் இருந்து ரீச்சரின் வீட்டில் இருந்தேன். கிட்டத்தட்டப் பாதியில் நின்றது கணக்கு. மத்தியானத்துக்குப் பிறகு அது அசையவில்லை. ரீச்சர் எழுந்து போய் சோறு போட்டார், இருவரும் சாப்பிட்டோம். கடைசி மணித்தியாலத்தில் ஒரு கும்பிடும் கை வந்தது. பிறகு பக்கம் தானாகக் காசு வாங்குவதை நிறுத்திக்கொண்டது. ரீச்சர் தங்கையை அழைத்து, "ஓம் பிள்ளை, ரிக்கற்றைப் போடு" என்று மட்டும் சொன்னார். நான் மேசையில் இருந்த தட்டுகளை எடுத்துக் கழுவி வைத்தேன்.

கணேசம்மாவின் காசை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். புகை மேலே போகுமா கீழே போகுமா என்று அவர் திரும்பக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. மற்றவர்களுக்குக் காசு தானாகவே அட்டைக்குத் திரும்பியது. கடைசியில் ஒருவாறு ஒரு தொகை போட்டிருந்த டொக்டர், அன்று பின்னேரமே அழைத்தார். குரலில் ஒரு திருப்தி தெரிந்தது. "காசும் திரும்பி வந்திட்டுது, குடுத்தவர் எண்ட பெயரும் அந்தப் பக்கத்திலை அப்பிடியே நிக்குது. உண்மையா நல்ல முறை அண்ணை இது."

பிரியாவிடை

ரீச்சர் நாட்டை விட்டுப் போகிறார் என்ற செய்தி குழுக்களில் பரவிய நாளில் இருந்து எனக்குத் தொலைபேசியை வைக்க நேரமில்லை. வகுப்புக்கு வகுப்பு போட்டி. யார் மண்டபம், யார் சாப்பாடு, யார் பொன்னாடை என்று சண்டை. ஒருவரும் எவரையும் முதலில் போடச் சொல்லிக் காத்திருக்கவில்லை. காலி வீதியில் குளிரூட்டிய மண்டபம், வாசலில் நாதஸ்வரம், ரீச்சருக்குப் பட்டுச்சேலை, தங்கச் சங்கிலி. லண்டனில் இருந்தும் கனடாவில் இருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். வசந்தன் வரவில்லை. புறக்கோட்டை முதலாளி முன்வரிசையில் இருந்தார். வாங்கில் ஒன்றாக இருந்த கனடா அம்மா ரீச்சரைக் கட்டிப்பிடித்து அழுதார். அந்த அழுகையில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

பிறகு விளக்கை அணைத்தார்கள். ரீச்சரின் வாழ்க்கை பற்றி ஒரு படம் எடுத்து வைத்திருந்தார்கள். பாடசாலையை மேலே பறந்து எடுத்திருந்தார்கள். பழைய ஆய்வுகூடத்தைக் கழுவித் துடைத்து, யாரோ ஒரு நடிகையை ரீச்சராக நிறுத்தி, கரண்டியில் எதையோ எரிய விட்டு, அந்த நீலச் சுவாலையைத் திரை நிறையக் காட்டினார்கள். அவ்வளவு துல்லியமாக அதை நான் கண்டதில்லை. கைதட்டல் அடங்க நேரமானது. ரீச்சர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி இருந்தார். விளக்குப் போட்டதும் டொக்டர் மேடையில் இருந்து இறங்கி வந்து அவர் பக்கத்தில் குந்தினார். "எப்பிடி ரீச்சர்? செலவைப் பாக்கேல்லை நாங்கள். கமெரா மட்டும் மூண்டு பிடிச்சனாங்கள்."

சனம் ஏன் காசு கொடுக்கிறது என்று என்னிடம் இப்போது கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: செத்துப்போனால் கொடுப்பார்கள், நாட்டை விட்டுப் போனாலும் கொடுப்பார்கள், இங்கேயே நின்று ஒரு வேலை செய்யப்போகிறேன் என்பவருக்கு மட்டும் கும்பிடு போடுவார்கள்.