துபாய் நாலு மணி, கூத்தாநல்லூர் ரெண்டரை மணி

கூத்தாநல்லூரிலிருந்து திருச்சி ஏர்போர்ட் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ரெண்டரை மணி நேரம். இருபது வருடத்துக்கு மேல் இந்தச் சவாரிதான் ஓட்டுகிறேன். விமானத்தில் ஏறியதில்லை. புதிதாக இந்த லைனுக்கு வருகிற டிரைவர்களுக்கு ஒரு சவாரியைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஜமாலுடைய அப்பா ராத்திரி மௌத்தாகிவிட்டார். அப்பாவை அவர்கள் அத்தா என்பார்கள். ஜமால் துபாயில். மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு உடலை எடுப்பது என்று ஜமாத்தில் முடிவு. அதற்குள் வந்தால்தான் முகம் பார்க்க முடியும்.

மறுநாள் மதியம் ஜமால் திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து வெளியே வந்தார். கையில் ஒரு பைதான்.

“பெட்டி வரணுமா தம்பி?”

“இல்ல செல்வண்ணே. வண்டிய எடுங்க.”

தஞ்சாவூர் தாண்டும்போது கேட்டேன். “பிளைட்டு எவ்வளவு நேரம்?”

“நாலு மணி நேரம். மூவாயிரம் கிலோமீட்டர் இருக்கும்.”

எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மலைப்பாகத்தான் இருக்கும். விடிகாலையில் பாலைவனத்தில் நின்ற மனுஷன், ஒரு கடலையே தாண்டி வந்து என் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. அவருடைய அண்ணன் போன் செய்தார்.

“எங்கடா வர்ற?”

“கேட்டுல நிக்கிறோம்ணே.”

“அஸருக்கு மேல நிறுத்த முடியாதுங்கிறாங்கடா. சீக்கிரம் வா.”

கேட் திறந்ததும், நேரம் மிச்சமாகும் என்று கிராமத்து ரோட்டில் இறங்கினேன். சம்பா அறுவடை நேரம். பாதி ரோட்டில் நெல் காய்ந்தது. மீதிப் பாதியில் எதிரே மூட்டை ஏற்றிய லாரி. எனக்குப் பின்னால் வைக்கோல் டிராக்டர். நெல்மேல் ஏற்றினால்தான் வழி.

காவலுக்கு நின்ற அம்மா கம்பை ஓங்கினார். “ஏய் காரு! நெல்லுல டயர் பட்டுச்சு, கண்ணாடி இருக்காது!”

லாரிக்காரர் தலையை நீட்டினார். “அப்ப நான் வாய்க்கால்ல எறங்கவாக்கா?”

நான் இறங்கிப் போனேன். “அக்கா, இவங்க அப்பா எறந்துட்டாங்க. துபாயிலேர்ந்து வர்றாங்க. இன்னும் எடுக்கல.”

அவர் காருக்குள் குனிந்து பார்த்தார். கம்பு இறங்கியது.

“அவ்ளோ தூரம் வந்த புள்ளைய எங்க நெல்லா நிறுத்தணும்? ஏத்துங்க. மேலயே ஏத்துங்க.”

வண்டியை எடுத்தேன். ஜமால் என் தோளைப் பிடித்தார்.

“வேணாம்ணே. நெல்லு மேல வேணாம்.”

இறங்கி, மண்டி போட்டு, ரெண்டு கையாலும் நெல்லை ஒதுக்க ஆரம்பித்தார்.

அந்த அம்மா மற்ற பெண்களைப் பார்த்துக் கத்தினார். “புள்ள கையால தள்ளுது, பாத்துக்கிட்டா நிக்கிறீங்க?”

பலகையும் விளக்குமாறுமாக ஓடி வந்தார்கள். லாரிக்காரரும் குதித்தார். நானும் இறங்கிக் கை கொடுத்துவிட்டுத் திரும்பச் சீட்டில் ஏறி உட்காருவதற்குள், கார் அகலத்துக்குத் தார் தெரிந்தது. விமானத்தைக் கேட்டு மலைத்ததைவிட இதைப் பார்த்துத்தான் அதிகம் மலைத்தேன்.

நாங்கள் போய் நின்றபோது, வீட்டு வாசலில் உடல் வைத்த சந்தூக்கைத் தோளுக்குத் தூக்கிவிட்டிருந்தார்கள். “எறக்குங்க, ஜமால் வந்துட்டான்!” என்று அண்ணன் குரல் கொடுத்தார். கீழே வைத்து முகத்துத் துணியை விலக்கினார்கள். ஜமால் கையை நீட்டினார். முழங்கை வரை நெல் தூசி. துடைத்துவிட்டு அத்தாவின் நெற்றியைத் தொட்டார்.

துபாய் எவ்வளவு நேரம் என்று கேட்டால் இப்போதும் நாலு மணி என்பேன். வீடு எவ்வளவு நேரம் என்று கேட்டால், அறுவடையா என்று பார்த்துத்தான் சொல்வேன். அவசரச் சவாரி என்றால் மெயின் ரோட்டிலேயே போங்கள். மாட்டிக்கொண்டால் ஹாரன் அடிக்காதீர்கள். இறங்கிப் போய் விஷயத்தைச் சொல்லுங்கள்.