பெரிய நம்பரை விற்றவன்

திருடிவிட்டான், அதனால்தான் முதலாளி விரட்டினார் என்கிறீர்களே, உங்கள் வாய்க்கு ஒரு தாழ்ப்பாள் கிடையாதா? அவனை யாரும் விரட்டவில்லை. தானாகத்தான் வெளியே வந்தான். ஏன் என்று கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

கம்ப்யூட்டர் கடையில் பதினோரு வருஷம் விற்பனைக்கு நின்றவன். தெருவே அவனை 'கிகா' என்றுதான் கூப்பிடும். யார் வந்தாலும் பெட்டி மேல் போட்டிருக்கும் கிகாஹெர்ட்ஸை, அதாவது சிப்பு நொடிக்கு எத்தனை நூறு கோடி தடவை துடிக்கும் என்கிற நம்பரைத்தான் காட்டுவான். "இது ரெண்டரை, அது நாலு. எது பெருசு? நீங்களே சொல்லுங்க!" வந்தவர் சிரித்துக்கொண்டே நாலை எடுத்துப் போவார்.

பின்னறையில் ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக் ஒருநாள் சொன்னார்: "டேய், துடிப்பு வேகமா இருந்தா ஆச்சா? ஒரு துடிப்புல எவ்வளவு வேலை முடியுதுன்னு பாரு. அந்த நாலு பழைய சிப்பு, குட்டிக் குட்டியா அடி வச்சு ஓடுது. இந்த ரெண்டரை எட்டி எட்டி வைக்குது."

"அண்ணே, நீங்க ஸ்க்ரூவைத் திருகுங்க," என்று சிரித்துவிட்டான்.

அவன் அக்கா பள்ளிக்கூடங்களுக்குப் பாட வீடியோ வெட்டி ஒட்டித் தருகிறவள். தம்பி பேச்சை நம்பி நாலை வாங்கினாள். ஒவ்வொரு வீடியோவும் இழுத்தது. சொன்ன நாளில் தர முடியாமல் வேலை கைவிட்டுப் போனது. அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எனக்குத்தான் கை மந்தம்டா. எதையோ தப்பா அமுக்கித் தொலைக்கிறேன்."

மறுநாள் அவள் வீடியோவையே கடையில் இரண்டிலும் ஓட்டினான். ரெண்டரை ஒன்பது நிமிஷத்தில் முடித்தது. நாலுக்கு இருபத்திமூன்று. பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட இப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு ஸ்க்ரூவைத் திருகப் போய்விட்டார். அதுதான் இன்னும் சுட்டது.

அக்காவிடம் சொல்ல நாக்கு எழவில்லை. பத்து நாள் அவள் கூப்பிட்டும் இவன் போனை எடுக்கவில்லை. கை மந்தத்தைப் போக்க, சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து அவள் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறாள் என்று மச்சான் சொன்னபோது கூனிக்குறுகிப் போனான்.

பதினோராம் நாள் ஓர் அம்மா வந்து நாலைக் கைகாட்டினாள். "அது வேண்டாம்மா. உங்க வேலை என்னன்னு சொல்லுங்க, ரெண்டுலயும் ஓட்டிக் காட்டுறேன்," என்றான்.

முதலாளி கத்தினார்: "ஏண்டா, சொந்த அக்கா தலையில கட்டினப்ப இந்த ஞானம் எங்க போச்சு?"

கடையே திரும்பிப் பார்த்தது.

"அப்ப வரலை முதலாளி. வந்ததையும் அவகிட்ட இன்னும் சொல்லலை," என்றான். கழுத்திலிருந்த கடை அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தான். கதவைத் திறந்துகொண்டு, அக்கா வீட்டுப் பக்கமாக வெயிலில் இறங்கிவிட்டான்.