கசினோ வாசலில் ஒரு புரொபசர்

வாகனத்தை நிறுத்தி இறங்கியதும் இராஜரட்ணம் அண்ணை கசினோ வாசலைப் பார்த்து நிற்கிறார். வாசலுக்கு மேலே கறுப்புக் கண்ணாடிக் குமிழுக்குள் ஒரு கமரா. அதை நிமிர்ந்து பார்த்து இரண்டு கைகளையும் ஒருதரம் தட்டுகிறார். உள்ளங்கைகளை விரித்துக் காட்டி, புறங்கைகளையும் திருப்பிக் காட்டி, "ஒண்டும் இல்லை மோனே, வடிவாப் பார்த்துக்கொள்" என்கிறார். அதன் பிறகுதான் தேத்தண்ணிப் பிளாஸ்கை எடுப்பார்.

சீட்டு மேசையில் வேலை செய்யும் டீலர், மேசையை விட்டுப் போகும்போது இப்படிச் செய்யவேண்டும். கைக்குள் ஒன்றையும் ஒளிக்கவில்லை என்று மேலே இருக்கிற கமராவுக்குக் காட்டுவது. அண்ணை ஒருநாளும் டீலராக இருந்தவரல்ல. கனடாவின் ஸ்காபரோவில் கதிரை மேசை செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகியது இது. "இவ்வளவு காலம் கட்டின பீஸுக்கு இந்த ஒரு பாடமாவது மண்டையில ஏறிச்சுதே, அது காணும்" என்பார்.

நான் அங்கே போய் நின்ற கதை வெட்கக்கேடு. மார்க்கம் நகரில் மற்றவர்களின் வரிக்கணக்குப் பார்த்துப் பிழைப்பவன் நான். கசினோவுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு அங்கே புழங்கும் சொற்களை விளக்கி ஒரு கட்டுரை எழுதித் தருவதாக ஒரு சஞ்சிகைக்கு வாய் விட்டிருந்தேன். அந்தச் சொற்களில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது என்பது ஒரு குறையாகவே தோன்றவில்லை. தெரியாததை எழுதிப் பழகிய கை. டோர்செட் பார்க் கோப்பிக் கடையில் விசாரித்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டு, "எங்கட புரொபசரிட்டைப் போங்கோ" என்றார்கள்.

புரொபசர் என்றால் இராஜரட்ணம் அண்ணை. அவருடைய வகுப்பறை ஒரு பழைய வான். சனிக்கிழமைகளில் மனைவி பேபி அக்காவை ஏற்றிக்கொண்டு நானூற்றோராம் நெடுஞ்சாலையில் கிழக்கே போவார். அன்று முன்சீட்டில் நான். பின்சீட்டில் பேபி அக்கா, மடியில் கைப்பை, பக்கத்தில் துணியால் மூடிய ஒரு சட்டி. அன்று பின்னேரம் மார்க்கத்தில் மகள் கௌசி வீட்டில் பேத்தி அட்சயாவுக்கு முதல் பல் முளைத்ததற்கான சடங்கு, பல்லுக்கொழுக்கட்டை. குழந்தையின் தலையில் கொட்டவேண்டிய கொழுக்கட்டை எல்லாம் அந்தச் சட்டிக்குள்தான் இருந்தது. "ஒரு மணித்தியாலம்தான், போட்டு ஓடி வந்திடுவன்" என்று அக்கா சொல்லியிருந்தார்.

"சிப்ஸ் எண்டா என்ன எண்டு எழுதும் தம்பி" என்று அண்ணை ஆரம்பித்தார். "காசுக்குப் போடுற மாறுவேசம். காசைக் காசாக் கண்டால் உமக்கு வாடகை ஞாபகம் வரும், பிள்ளையின்ர பல்லுக் கம்பி ஞாபகம் வரும். பிளாஸ்ரிக் வட்டத்தைக் கண்டால் ஒரு மண்ணும் ஞாபகம் வராது."

நான் எழுதிக்கொண்டேன்.

"ஹவுஸ் எண்டா கசினோக்காரன். ஹவுஸ் எப்பவும் வெல்லும் எண்டு முதல் நாளே எனக்குச் சொன்னவங்கள். என்னோட அவன் இன்னும் விளையாடிப் பாக்கேல்லைத்தானே எண்டு நான் நினைச்சன்."

பிளாக்ஜாக் விளையாட்டில் சீட்டுகளின் கூட்டுத்தொகை இருபத்தொன்றுக்குக் கிட்டப் போகவேண்டும், தாண்டினால் பஸ்ட், வெடித்துப்போயிற்று என்று விளக்கினார். உங்களுக்கும் டீலருக்கும் ஒரே எண் வந்தால் அது புஷ். ஒருவருக்கும் வெற்றியில்லை, போட்டது திரும்பி வரும். "பேபியும் நானும் பிடிக்கிற சண்டை மாதிரி."

"ஆர் சொன்னது?" என்றது பின்சீட்டு. "எல்லாத்திலையும் நான்தான் வெண்டனான்."

"கொம்ப் எண்டு ஒண்டிருக்கு. கனநேரம் இருந்து விளையாடினால் சாப்பாடு சும்மா தருவாங்கள். நான் சும்மா கிடைச்ச கோழிக்காலைக் கடிச்சு முடிச்சு நிமிர்ந்து பார்க்க, என்ர கார் வித்துப்போச்சு. ஒன்ராறியோவிலேயே விலை கூடின கோழி நான்தான் சாப்பிட்டனான்." தன் பகிடிக்குத் தானே தோள் குலுங்கச் சிரித்தார். "பேந்து டில்ட். அது முக்கியம். தோத்த கோவத்தில கண்மண் தெரியாமல் போடுறது. அப்ப ஒரு முகம் வரும் பாரும், அது வந்த ஆளுக்குத் தெரியாது. பேபியைக் கேளும். அவவுக்கு அந்த முகம் பாடம்."

பேபி அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அண்ணை இப்போது கசினோவுக்குள் கால் வைக்க முடியாது. அதுவும் அவரே தேடிக்கொண்ட தடை. ஒருநாள் கோயிலில் அர்ச்சனைத் தட்டில் சில்லறை என்று நினைத்துச் சட்டைப் பையிலிருந்து போட்டது கசினோ சிப்ஸ். "விழுந்த சத்தமே வேற மாதிரி இருந்தது. ஐயர் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துப்போட்டு, 'இதை எங்கை மாத்திறது?' எண்டு கேட்டார். பேபி பக்கத்தில நிண்டவ. ஒரு சொல்லும் சொல்லேல்லை. ஏசியிருந்தால் திரும்பவும் போயிருப்பன்." அடுத்த நாளே கசினோவுக்குப் போய், இந்த மூஞ்சையை இனி உள்ளே விடவேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, படம் எடுக்கவும் நின்றிருக்கிறார். "கனடாவில நான் சிரிச்சுக்கொண்டு எடுத்த ஒரே படம் அதுதான். அதைத்தான் கமராவுக்குள்ள போட்டு வைச்சிருக்கிறாங்கள்."

அக்காவின் கதையை அக்காவே சொன்னார். வருசக்கணக்காக அவர் கணவனைக் கூப்பிடத்தான் உள்ளே போனவர். மேசைக்குப் பின்னால் கால் கடுக்க நிற்பார். முழங்கால் வருத்தம் வந்தபிறகு நிற்க முடியவில்லை. பக்கத்தில், காசு போட்டு விளையாடும் மெஷின் ஒன்றின் கதிரையில் இருந்திருக்கிறார். "சும்மா இருந்தால் எழுப்பிப்போடுவாங்கள் எண்டு காசு போட்டன் தம்பி. அவ்வளவுதான்." அண்ணை வெளியே வந்தார். அக்கா உள்ளே தங்கிவிட்டார்.

அன்று வாசலில் இறக்கிவிட்டபோது அக்கா அந்தச் சட்டியை என் மடியில் வைத்து, "கவனம், சாய்ச்சுப்போடாதையும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார். அண்ணை தன் கை தட்டும் சடங்கை முடித்து, பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி ஊற்றினார். எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் நீங்களே கொண்டுவந்து விடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் கொண்டுவந்தால் நான் திருப்பிக் கூட்டிக்கொண்டு போவன். இல்லாட்டி கசினோக்காரன் விடுற உந்தச் சும்மா பஸ்ஸில வருவா. நான் ஒருக்கா வேண்டாம் எண்டு சொல்லிப் பார்த்தனான். 'நீங்கள் விளையாடேக்கை நான் நிண்டனான், இப்ப நீங்கள் நில்லுங்கோ' எண்டா. என்ன சொல்லுறது? நியாயம்தானே." மூடியைப் பார்த்தபடி இருந்தார். "என்ர தடை வாற மாசம் முடியுது. முடிஞ்சால் உள்ளுக்குப் போய் அவவைக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வரலாம். போறதில பிரச்சினை இல்லை தம்பி. வாறதுதான். என்னை எனக்குத் தெரியும். பேந்து ரெண்டு பேரையும் கூப்பிட ஆள் தேடவேணும்."

பகிடியாகச் சொன்னாலும் அவருக்குப் பயமாக இருந்தது.

ஒரு மணித்தியாலம் எப்போதோ முடிந்துவிட்டது. அண்ணை அக்காவின் தொலைபேசிக்கு அடித்துக்கொண்டே இருந்தார், அவர் எடுக்கவில்லை. கௌசி அழைத்தாள். வாகனம் முழுக்க அவள் குரல். "அப்பா, எல்லாரும் வந்திட்டினம். வெயா ஆர் யூ கைஸ்? அம்மா எங்க?"

"ட்ரபிக் பிள்ளை."

"ட்ரபிக்கா, கசினோவா? அப்பா, ஐ ஆம் சீரியஸ். இண்டைக்கும் அம்மா அங்க இருந்தா, என்ர வீட்டுக்கு இனி வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. கொழுக்கட்டை நான் கடையில வாங்குறன்."

அண்ணை தொலைபேசியை வைத்துவிட்டுச் சட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, நீர் போம். மெஷின் பக்கம்தான் இருப்பா. கூட்டிக்கொண்டு ஓடி வாரும். ஒரு மேசையிலையும் இருக்காதையும், சொல்லிப்போட்டன்."

நான் ஏதோ தூதுக்குப் போகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். மெஷின்கள் பக்கம் போகும் வழியில் பிளாக்ஜாக் மேசை ஒன்று இருந்தது. கதிரை ஒன்று வெறுமையாக இருந்தது. கட்டுரைக்கு ஒரு கை விளையாடிப் பார்ப்பது எழுத்தாளனின் கடமை என்று எனக்குப் பட்டது. கடமை! டீலர் பெண்ணிடம் காசை வலக்கையால் மரியாதையாக நீட்டினேன். அவள் நெருப்பைக் கண்டதுபோல் கையை இழுத்து, மேசையில் வைக்கும்படி காட்டினாள். கையோடு கை காசு வாங்கக்கூடாதாம். அதை அண்ணை படிப்பிக்கவில்லை. போதும் என்பதற்குக் கையை வீசவேண்டும், இன்னொரு சீட்டு வேண்டும் என்றால் மேசையைத் தட்டவேண்டும். நான் போதும் என்று நினைத்துத் தட்டினேன். சீட்டு வந்தது. இருபத்தொன்று.

அங்கேதான் என் புத்தி கெட்டது. பக்கத்திலிருந்தவர் தோளில் தட்டினார். நான் பிறவி ஆட்டக்காரன் என்று முடிவு செய்தேன். அடுத்தது பஸ்ட். அதற்கடுத்ததும் பஸ்ட். விட்டதைப் பிடிக்க இரண்டு மடங்கு வைத்தேன். பையில் தொலைபேசி அதிர்ந்தது. அண்ணையின் பெயர் தெரிந்தது. 'இந்தக் கை முடியட்டும்' என்று நினைத்தேன். இந்த வசனத்தையும் அண்ணை படிப்பிக்கவில்லை, தானாக வந்தது. மறுபடி அதிர்ந்தது. இந்தக் கையும் முடியட்டும்.

தோளில் ஒரு கை விழுந்தது. கழிவறைக்குப் போகிற வழியில் என்னைக் கண்டுவிட்டு வந்த பேபி அக்கா.

"தம்பி, எழும்பும்."

"அக்கா, இந்தக் கை மட்டும்..."

"எழும்பும் எண்டன். உம்மட முகத்தைப் பாரும். உது அவரின்ர முகம்." பழக்கப்பட்ட கை, கதிரையோடு சேர்த்து என்னைப் பின்னால் இழுத்தது. "நீர் ஏன் உள்ளுக்கு வந்தனீர்?"

"அண்ணைதான்... உங்களைக் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி அனுப்பினவர்."

"எப்ப?"

தொலைபேசியை எடுத்துக் காட்டினேன். வரிசையாக அவர் அழைத்த அழைப்புகள். அக்காவின் முகம் வெளிறிப் போயிற்று.

"ஐயோ, விசரா! நீரும் எடுக்கேல்லை, நானும் எடுக்கேல்லை. அவர் உள்ளுக்கு வரப்போறார்!"

முழங்கால் வருத்தக்காரி ஓடியதை அன்றுதான் கண்டேன். நான் மேசையில் மிஞ்சியதைப் பைக்குள் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அண்ணை வாசலில்தான் நின்றார். தானியங்கிக் கதவு அவரைக் கண்டு திறந்தது, மூட முயன்றது, மறுபடி திறந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கமராவுக்குக் கை விரித்துக் காட்டுகிற மனிதர், சால்வையால் மூக்கு வரை முகத்தை மூடியிருந்தார். தொப்பி புருவத்தில். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. காவலாளி கையை நீட்டியபடி அவரை நோக்கி வந்துகொண்டிருந்தான். அண்ணை அவனைப் பார்க்கவில்லை. எங்களையும் பார்க்கவில்லை. எங்களைத் தாண்டி உள்ளே, மேசைகள் இருந்த பக்கம் அவருடைய கண் போயிருந்தது.

"வராதேங்கோ!" என்று அக்கா கத்தினார். "அதிலையே நில்லுங்கோ! நான் வாறன்!"

அவர் திடுக்கிட்டுக் காலை இழுத்தார். "நான் உன்னைக் கூப்பிடத்தான் பேபி..."

"தெரியும்" என்றார் அக்கா, மூச்சு வாங்க. "நானும் உங்களைக் கூப்பிடத்தான் முதல் வந்தனான்."

கணவனின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். கதவு எங்களுக்குப் பின்னால் மூடியது. வானுக்குப் பக்கத்தில் நின்று கௌசிக்குத் தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, கசினோவிலதான் நிண்டனான். ட்ரபிக் இல்லை. இப்ப வெளிக்கிடுறம். கடைக் கொழுக்கட்டையைப் பிள்ளையின்ர தலையில கொட்டாதை. ஏசுறதெண்டால் வந்தாப்பிறகு ஏசு." மறுமுனையில் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓம், ஓம்" என்று மட்டும் சொன்னார்.

அண்ணை முகத்திலிருந்த சால்வையை இறக்கிவிட்டார். இந்தமுறை அவர் ஒரு பகிடியும் விடவில்லை. "ஒரு கால் உள்ளுக்கு வைச்சிட்டன்" என்றார் மெல்ல. "நாளைக்குப் போய்த் திரும்பவும் எழுதிக் குடுக்கப்போறன்."

அக்கா கைப்பையை அவரிடம் கொடுத்தார். வாசல் பக்கம் திரும்பி, கறுப்புக் குமிழை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு கைகளையும் ஒருதரம் தட்டினார். உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார், புறங்கைகளைத் திருப்பிக் காட்டினார். அண்ணை கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தக் கைகளையே பார்த்து நின்றார்.

பிறகு அக்கா பிளாஸ்கைத் திறந்து முதல் மூடியை அவருக்குக் கொடுத்தார். அடுத்ததை எனக்கு நீட்டினார். என் வலக்கை கோட்டுப் பைக்குள் இருந்தது. மிஞ்சிய ஒரு சிப்ஸை அது பிடித்துக்கொண்டிருந்தது.

தேத்தண்ணியை நான் இடக்கையால் வாங்கினேன்.